சட்டை மாற்றிய வாக்கியங்கள்

‘கடும் புயலிலும் விளக்கை அணையவிடாத அஞ்சா நெஞ்சர்’ என்ற வரியை அழித்துவிட்டு, ‘பலத்த சூறாவளியிலும் தீபத்தைக் காத்த வீராங்கனை’ என்று தட்டினாள் அக்கா. தட்டிவிட்டுப் பெருமையோடு மடிக்கணினியைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

தம்பி படித்துவிட்டு மூக்குக் குழாயோடு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கட்டிலையே உலுக்கியது. அக்கா பயந்துபோய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பயப்படாத பொருளை உலகத்தில் வலை வீசித்தான் தேட வேண்டும். லிஃப்டுக்குப் பயந்து ஆஸ்பத்திரி மாடிகளையெல்லாம் படியேறியே வந்து, மூச்சு வாங்கி நின்ற நிலையைப் பார்த்து ஒரு நர்ஸ் அவளையே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், சொந்தமாக ஒரு வரி எழுதுவது. ரிட்டையர் ஆகும்வரை கோர்ட்டில் டைப்பிஸ்ட். நீதிபதி தும்மினால் தும்மலையும் சேர்த்து அடிப்பாள் என்று பேர். லீவு லெட்டரைக்கூடப் பக்கத்து சீட்டுக்காரியுடையதைப் பார்த்து அப்படியே அடித்துக் கொடுத்து, கல்யாணமே ஆகாதவள் புருஷனுக்கு அம்மை என்று விடுப்பு வாங்கியவள்.

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவன். கடை மூடியதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். மறந்துபோன மனுஷர்களின் வாழ்க்கையை எழுதுவான். செத்தவர்களெல்லாம் வாசலில் வரிசை கட்டி நிற்பதாக அக்கா நொடிப்பாள். புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறவர்களை அங்கே விரட்டி விரட்டிப் பிடித்தவனும் அவன்தான். இப்போது அவனே மாட்டிக்கொண்டான். காய்ச்சல் வேகத்தில், இதே கட்டிலில் கிடந்து, கலங்கரை விளக்கைக் காத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதிய கட்டுரை புத்தகத்தின் வரிகளை ஒட்டியே போய்விட்டது. அங்கே எழுதும் இன்னொருவர் கண்டுபிடித்து, இன்று சாயங்காலத்துக்குள் மாற்றி எழுதாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று அறிவிப்பு போட்டுவிட்டார். தம்பியின் விரல்கள் இனி சொன்ன பேச்சு கேட்காது.

“ஒரு வார்த்தைகூடப் பழசு இல்லையேடா. எதுக்குச் சிரிக்கிற?”

“ஆளு அதேதான்க்கா. சட்டைய மட்டும் மாத்தி விட்டிருக்க. வாக்கியத்தோட எலும்பு அப்படியே இருக்கு பாரு. வீராங்கனையெல்லாம் வேணாம். புத்தகத்த மூடு. அந்தம்மா என்ன பண்ணாங்கன்னு எனக்குச் சொல்லு. சொன்னத அடி.”

“மூடினா பயமா இருக்குடா.”

“எனக்கும்தான். சாயங்காலம் அந்தம்மா காணாமப் போயிடுவாங்க. இந்தப் பழைய புத்தகத்த விட்டா வேற எங்கயும் அவங்க இல்லக்கா.”

அவன் கண்ணில் இருந்தது நிஜமான பயம். தனக்காக இல்லை என்பதுதான் அக்காவுக்கு ஆத்திரம்.

மூடினாள், சொன்னாள், அடித்தாள். பத்தி பத்தியாக ஒழுங்காகத்தான் போனது. காபி வாங்கப் போன இடத்தில் டாக்டர் எதிர்ப்பட்டார்.

“எதையோ பிடிச்சுக்கிட்டு இருக்காரும்மா. இல்லேன்னா நேத்தே…”

எதை என்று அக்காவுக்குத் தெரியும். திரும்பி வந்தவள் கடைசிப் பத்தியைப் புத்தகத்தில் உள்ளபடியே அடித்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அழித்துவிட்டு, மறுபடியும் அப்படியே அடித்தாள். அவன் அவளையே பார்த்தான்.

“வேணும்னே பண்றியா?”

அக்கா சொட்டும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விரல் வலிக்குதுடா.”

“சரி. வலி போகட்டும். நான் இருக்கேன்.”

அந்த ‘இருக்கேன்’ சொல்லவே அவனுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அக்கா புத்தகத்தை மூடினாள்.

“அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. முட்டி ரெண்டும் போச்சு. ஆனாலும் தினமும் ஏறுவாங்க. கடைசி நாளும் ஏறி விளக்க ஏத்திட்டு, அங்கயே உக்காந்துட்டாங்க. மறுநாள் வெயில் வந்தும் விளக்கு எரியுதேன்னு கப்பல்ல இருந்தவங்க பாத்தாங்க. அப்பதான்டா தெரிஞ்சுது.”

அவன் கண்ணை மூடியபடியே கேட்டான். “முட்டி… புத்தகத்துல இருக்கா?”

“இல்ல. அது என் முட்டி.”

“எடுத்துடு.”

எடுத்தாள். மிச்சத்தை எழுத்து நடையில் அடித்து முடித்தாள். ‘சேமி’ என்ற பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. அறையில் ஆக்ஸிஜன் மட்டும் குமிழியிட்டது.

“அக்கா.”

“என்னடா?”

“அழுத்து.”

ஒரு கையால் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘இப்போது சரியாக இருக்கிறது. அறிவிப்பை எடுத்துவிட்டேன்.’

“டேய், சரின்னு சொல்லிட்டாங்கடா. பாரு.”

திரையை அவன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள். அவன் பார்க்கவில்லை. பிடித்திருந்த கை பிடித்தபடியே இருந்தது, அவள் பக்கத்திலிருந்து மட்டும். மணியடித்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடவில்லை.

திரை தானாக மங்கியது. விரல் நுனியால் தொட்டாள். வெளிச்சம் வந்து அவன் முகத்தில் விழுந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.