கடல்நாய் தூங்குகிறது

என் சுற்றுலாப் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்லும் கதைகளில் பாதி பொய். கூரை போய், காக்கை கூடு கட்டிய நாலு சுவரைக் காட்டி, இங்கே ஒரு சீமாட்டி கணவனுக்காக விளக்கேற்றிக் காத்திருந்தாள் என்று சொல்லாவிட்டால், கால்வே நகரத்திலிருந்து மழையில் இத்தனை தூரம் வந்தவர்களுக்கு வயிறு எரியும். ஓட்டுவதும் நானே, ஒலிபெருக்கியில் கதை விடுவதும் நானே. பெயர் கோல்மன்.

அந்த அக்டோபரில், கொஞ்ச நாள் வேலைக்குப் போகாதே என்று ஊரே சொன்னது. என் தம்பி ஃபின்டன், சிங்கி இறால் பிடிக்கக் கடலில் போட்ட கூண்டுகளை எடுக்கப் போனவன், திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஊர் ஆண்கள் விடிந்ததும் படகுகளில் தேடப் போனார்கள். பெண்கள் படகுத்துறையில் தேநீரும் சாண்ட்விச்சும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு கோட்டை காட்டப் போனேன். கல்நெஞ்சன் என்று சிலர் பேசியதும் காதில் விழுந்தது. பேசட்டும். என் பேருந்தில் ஓட்டுநர் இருக்கை உயரம். கடலோரச் சாலை முழுக்க, போகும்போதும் வரும்போதும், அங்கிருந்து கடல் தெரியும். படகில் குனிந்து தேடுகிறவனைவிட எனக்கு அதிகம் கண்ணில் படும் என்று நம்பினேன். எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்க வருகிறவர்கள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்கள். சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபிறகு வரிசையில் நின்று, கையைப் பிடித்து, "உன் துக்கத்துக்கு வருந்துறேன்" என்பார்கள். அவ்வளவுதான், அடுத்த ஆள். ஆனால் உடல் கிடைக்கும்வரை அதைச் சொல்லக்கூடாது. சொன்னால் உயிரோடு இருப்பவனைச் சொன்னவரே சாகடித்த கணக்கு. பக்கத்து ஊர் மீன் வியாபாரி ஒருவர், உடலை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, ஃபின்டனின் மனைவி அசம்ப்டாவிடம் கையை நீட்டி அதைச் சொல்லிவிட்டார்.

"எந்தத் துக்கம்?" என்றாள் அவள். "அவரு கூண்டு எடுக்கப் போயிருக்காரு. வந்ததும் உங்களைப் பாக்க அனுப்புறேன்."

கதவு அவர் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது. அதன்பிறகு அவள் வீட்டுக்குப் போகிற எல்லாரும் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். நானும்தான்.

மாலையில் பேருந்தை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்து போவேன். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். "நல்லது" என்று சொல்லித் தேநீர் ஊற்றுவாள். அவளுக்கு அந்த ஒண்ணுமில்ல நல்ல சேதி. எனக்கு, என் தம்பி இன்னொரு ராத்திரியும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கிடக்கிறான் என்று அர்த்தம். அவன் கிடைக்கவேண்டும் என்று நானும், கிடைக்கக்கூடாது என்று அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

ஒருநாள் வந்த கூட்டத்தில் ஒஹையோக்காரி டார்லீன் என்று ஓர் அம்மாள் இருந்தாள். கழுத்தில் பெரிய கேமரா, வாயில் ஓயாத புகார்.

"கோல்மன், கடையில பத்து நிமிஷம், இடிஞ்ச சுவத்துல ஒரு மணி நேரமா? இது என்ன நியாயம்?"

"சுவரைப் பாத்தா காசு கேக்காது மேடம். கடைக்காரன் கேப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். கடல் தெரிகிற இடங்களில் எல்லாம் நான் நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. காட்சியில் மயங்கிய ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

கில்ராவன் கோட்டை செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. அங்கே நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் மாலகி என்னோடு பள்ளியில் படித்தவன்.

"என்னடா, உன் கூட்டம் இன்னிக்கும் நனைஞ்ச கோழி மாதிரியே இருக்கு?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதாவது?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"நேத்துலேர்ந்து காத்து மாறியிருக்கு. இந்தப் பக்கம்தான் தள்ளும்." சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோலச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தான்.

விளக்கேற்றிய சீமாட்டி கதையை மழையில் நின்று ஒப்பித்தேன். கதைக்கு நடுவிலேயே டார்லீன் நழுவி, கோட்டையின் உடைந்த சன்னலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அன்று முதல்முறையாகச் சந்தோஷம்.

"இங்க பாருங்க கோல்மன், கடல்நாய். கீழ பாறை மேல எவ்வளவு அழகா தூங்குது."

கேமராவின் சின்னத் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கோட்டைக்கு நேர் கீழே ஒரு பாறைத் திட்டு உண்டு. சாலையிலிருந்து அது தெரியாது. எவ்வளவு உயரமான இருக்கையில் உட்கார்ந்தாலும் தெரியாது. திட்டின் மேல் கறுப்பாக என்னவோ நீளமாகக் கிடந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மழைக்கோட்டு. அதன் தோளில் நீலச் சாயம்.

வசந்தத்தில் படகுக்கு நீலச் சாயம் அடித்தபோது ஃபின்டன் தூரிகையை மழைக்கோட்டின் தோளிலேயே துடைத்தான். "துடைக்கத் துணி இல்லையாடா?" என்று திட்டினேன். "தோள்ல கிடக்கறதும் துணிதானே" என்று பல்லைக் காட்டினான்.

"கடல்நாய்தான்" என்றேன்.

"அது எழுந்திருக்கறவரைக்கும் காத்திருக்கலாமா?"

"இன்னிக்கு எழாது மேடம். பஸ்ல ஏறுங்க."

சீட்டறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாலகி தொப்பியைக் கழற்றிவிட்டான். அவன் கை என் பக்கம் வந்தது.

"வேணாம். அசம்ப்டாவுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லாத."

கையைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "எங்க?"

"சன்னலுக்கு நேர் கீழ. தேடுறவங்களுக்குப் போன் பண்ணிட்டு, ஆட்டுப்பாதை வழியா இறங்கி அவன்கிட்ட போய் இரு. அவனை விட்டுட்டு வராத."

மாலகி தொலைபேசியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நான் அவள் வாசலில் நிற்கவேண்டும். தம்பியை அங்கே போட்டுவிட்டு, அன்னியர்களை ஏற்றிக்கொண்டு பேருந்தைக் கிளப்பினேன். அதைப்போல ஒரு கேவலமான வேலையை நான் செய்ததில்லை. வழியில் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்த வண்டிக்காரர்கள் வழக்கம்போல ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். யாருக்கும் இன்னும் தெரியாது.

அசம்ப்டா வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். டார்லீன் சன்னலைத் துடைத்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க பாக்க என்ன இருக்கு கோல்மன்?"

"ஒண்ணுமில்ல" என்று இறங்கினேன்.

கதவைத் திறந்த அசம்ப்டா முதலில் பேருந்தைத்தான் பார்த்தாள். அதை நான் ஒருநாளும் அங்கே கொண்டுவந்ததில்லை.

"என்ன?" என்றாள்.

கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து நீட்டினேன்.

"உன் துக்கத்துக்கு வருந்துறேன், அசம்ப்டா."

அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சாத்தியிருந்தால் ஒருவேளை எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"எங்க?"

"கில்ராவன். கோட்டைக்குக் கீழ."

"தனியாவா கிடக்காரு?"

"மாலகி கூட இருக்கான்."

தலையாட்டினாள். கையை விடவில்லை. பிறகு, அத்தனை நாளில் யாரும் என்னிடம் சொல்லாததை, நானும் சொல்லவிடாததை, அவள்தான் முதலில் சொன்னாள்.

"உன் துக்கத்துக்கும் வருந்துறேன், கோல்மன். அவரு உன் தம்பி."

தாங்க முடியவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பேருந்து நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.