அடியில் விழுந்த சிக்கு

வெயில் சாய்வதற்குள் பாய்மரத்துக்கான பாய் தைத்து முடியாவிட்டால், எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத இந்த நாளில் செபநாயகத்தின் வள்ளம் கரையிலேதான். மூன்றாம் முறையும், அவன் மனைவி யோசப்பின் மிதித்த தையல் மெஷினில், துணியின் அடியில் நூல் சிக்கியது. அடிநூல் சுற்றிய பொபினைக் கழற்றிப் பார்த்தாள். பிழை இல்லை.

"விடும், வலையிலை சிக்கெடுத்த கை இது," என்று கணவன் செபநாயகம் சிக்கை எடுத்துவிட்டான். மறுபடியும் சிக்கியது.

யோசப்பின் மேலே பார்த்தாள். மேல்நூல், அதை இறுக்கும் தகடுகளுக்குள் நுழையாமல் நேரே ஊசிக்கு இறங்கியிருந்தது.

"காலமை ஆர் கோத்தது?"

"நான்தான். வலை கட்டேக்கை நூல் நேரைதானே போகும்?"

"இது மீன் பிடிக்கிற மெஷின் இல்லை."

தகடுகளுக்குள் நூலை விட்டு மிதித்தாள். தையல் ஓடியது.

பொழுதுபடப் பாய் காற்றை அள்ளியது. வள்ளத்திலிருந்து செபநாயகம் கூவினான்: "நாளைக்கும் கோத்துத் தரட்டே?"

"முதலிலை மீனோடை வாங்கோ," என்று சிரித்தாள் யோசப்பின்.