வலிக்காமல் அடிப்பது

தினமும் காலையில் அக்கா தம்பியை அடிப்பாள். தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இடுப்புக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுப்பான். அவள் உள்ளங்கையைக் குவித்து முதுகில் அடிக்க அடிக்க, நுரையீரலில் ஒட்டிய கெட்டிச் சளி இளகி வெளியே வரும். நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வந்தது.

சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் தனியாக இருந்தார். குடிவந்த வாரமே மேலே வந்து கதவைத் தட்டினார்.

"யாரை யார் அடிக்கிறது?"

"நான்தான் சார். இவனை," என்றாள் அக்கா.

அவர் தம்பியைப் பார்த்தார். "புகார் ஏதாவது உண்டா?"

"மெதுவா அடிக்கிறா சார்."

அவர் இறங்கிப் போனார்.

போன வருஷம் புது மாத்திரை வந்தது. சளி நின்றது. இருமல் நின்றது. அடியும் நின்றது. அக்காவுக்கு வேறு ஊரில் பெரிய வேலை வந்தது. முன்பும் வந்ததுதான், தம்பிக்காக வேண்டாம் என்றிருந்தாள். இந்தத் தடவை சரி என்றாள்.

அவள் கிளம்பும் நாளன்று தம்பி டாக்டரிடம் போனான். போன வாரம் உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து, பாடுபட்டுக் கொஞ்சம் சளியைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள்.

"கிருமி குறைஞ்சிருக்கு. மூச்சுக்குழாய்ல அழற்சி மட்டும் போகல," என்றார் டாக்டர்.

"கிருமி போனா அதுவும் போகணுமே?"

"கிருமிய அணைக்க உடம்பே அனுப்பின தீயணைப்பு வண்டி வந்துச்சு. தீ அடங்கிடுச்சு. வண்டி கெளம்பல. தண்ணிய பீச்சி பீச்சி சுவரை இடிச்சிட்டிருக்கு."

"கெளம்பச் சொல்லுங்க."

"சொல்ற மருந்தைத் தேடிட்டிருக்காங்க. அதுவரைக்கும் முதுகுல அடிக்கிறதை மறுபடி ஆரம்பிங்க."

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்னடா சொன்னார்?"

"நல்லாயிருக்குன்னார்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"என் மூஞ்சியே இப்படித்தான்."

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அடுத்த துணியை எடுத்தாள்.

தம்பி கீழே போனான்.

"சார், நீங்க என்னை அடிக்கணும்."

போலீஸ்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். "என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. உட்காரு."

டாக்டர் சொன்னதைத் தம்பி சொன்னான். "அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா போகமாட்டா. தினமும் காலையில அடிச்சாப் போதும். கையைக் குவிச்சுக்குங்க. வலிக்கக் கூடாது."

"வலிக்காம அடிச்சுப் பழக்கமில்லையே," என்றார் அவர். நிஜமாகவே கவலைப்பட்டார்.

தம்பி சோபாவில் குப்புறப் படுத்தான். முதலில் பூனையைத் தடவுவது போல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பலமா சார்."

பலமாக அடித்தார். சத்தம் மேல் வீடு வரை போனது. சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"யாரை யார் அடிக்கிறது?" என்றாள் அக்கா.

அவள் வாசலிலேயே நின்று தம்பியின் முதுகைப் பார்த்தாள். பிறகு போலீஸ்காரரின் கையைப் பார்த்தாள்.

"இவன் சொல்லித்தான் அடிக்கிறீங்களா?"

"ஆமாம்மா."

"தினமும் அடிப்பீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லம்மா."

"மணிக்கட்டைத் தளர்த்துங்க. முதுகெலும்பு மேல படக் கூடாது."

அவர் தளர்த்தினார். தம்பி இருமினான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ரயிலுக்கு நேரம் இருந்தது.

"எங்கிட்ட பொய் சொன்னதுக்குத் தனியா ரெண்டு போடுங்க சார்."

"அது வலிக்கலாமா?"

"வலிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூட மேலே போனாள்.