நடு மைதானத்து அடிக்கல்

நாங்கள் ஜெயித்தது பனியால்தான் என்று ஹட்டனில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பச்சைப் பொய். நாங்கள் ஜெயித்தது பொன்னாடையால். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் ஜெயந்தினி. பூண்டுலோயாவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டம், மேல்பிரிவு. பகலில் கொழுந்து பறிக்கிறேன், பின்னேரம் தோட்டத்துப் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைவி. போன வருடம் இரண்டாம் பிரிவில் ஜெயித்து முதல் பிரிவுக்கு ஏறினோம். ஏறினவர்களுக்கு முதல் மேட்ச் யாரோடு விழுந்தது தெரியுமா? நாலு வருடமாகக் கோப்பையைக் கீழே வைக்காத ஹட்டன் பிளையிங் ஸ்டார்ஸோடு. அதுவும் அவர்களுடைய மைதானத்தில்.

எங்கள் மைதானம் என்பது பெரட்டுக்களத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு துண்டு சமதரை. அதன் மேல், தோட்டத்தை நடத்துகிற எங்கள் தொரைக்கு ரொம்ப நாளாகக் கண். தேயிலைக் கன்று வளர்க்கிற தவரணை போட அதைவிட நல்ல இடம் தோட்டத்திலேயே இல்லையாம். மேட்சுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற நேரம் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம சாம்பியன்கிட்ட தோக்காம வந்தா கிரவுண்ட் ஒங்களுக்கே. தோத்தா, திங்கக்கெழம அங்க தவரணைக்கு மண்ணு வெட்டுறீங்க. சரியா?"

தொரைக்கு அடுத்தபடியான கண்டாக்கையா சிரித்தார். அவர் சிரித்ததால் கங்காணியும் சிரித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சரிங்க தொரை. எல்லாரும் கேட்டுட்டாங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த இடம் போனால் எங்களுக்கு வேறு இடமே கிடையாது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துச் சுவரில் பந்தை அடித்துப் பழகலாம் என்றால், நான் இருக்கிற ரெண்டாம் நம்பர் லயத்தின் பின்சுவர் வெடித்து ஆறு வருடம் ஆகிறது. பந்து பட்டால் சுவர் வீட்டுக்குள் வந்துவிடும். பறிப்பது தோட்டத்துக்கு, சமைப்பது வீட்டுக்கு, எனக்கென்று இருப்பது பின்னேரத்தில் அந்த ஒரு மணி நேரம். அதையும் பிடுங்கி, பிடுங்குகிற வேலையையும் எங்கள் கையாலேயே செய்யச் சொன்னால் பற்றிக்கொண்டு வராதா?

ஞாயிற்றுக்கிழமை நஸார் நானா லொறியோடு வந்தார். பூண்டுலோயா டவுனில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், எங்களுக்குப் பந்து பழக்குகிறவரும் அவர்தான். கோவா மூட்டைகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார்.

"புள்ளைகளா, மேட்ச் ஒண்ணரைக்கு. அவங்க எப்பவும் ஒண்ணரைக்குத்தான் வைப்பாங்க. மூணரைக்கு மேல பனி எறங்கும், பனியில அவங்களுக்கு வெளையாட வராது. அதுனால வெளிச்சத்துலயே ஒங்கள முடிச்சிருவாங்க. பயப்படாம ஓடுங்க," என்றார். இதைக் கேட்டு எப்படிப் பயப்படாமல் ஓடுவது?

மைதான வாசலில் வாழைமரம், தோரணம், ஆளைவிடப் பெரிய பேனர். 'பருவத்தின் முதல் வெற்றிக்கு வாழ்த்துகள்' என்று அன்றைய தேதியோடு அடித்திருந்தார்கள். மேட்ச் தொடங்கவே இல்லை, வெற்றி அச்சாகி வந்துவிட்டது. பேனரில் பந்து இல்லை, விளையாடுகிறவர்கள் இல்லை. பிரதம விருந்தினர் சுதாகரன் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவர் ஒரு கட்சியின் அமைப்பாளர். எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த மாதம் அவருக்கே அதில் சந்தேகம். பிளையிங் ஸ்டார்ஸுக்குப் புது ஜெர்சி கொடுத்ததும் அவர்தான். பால் வெள்ளை நிறம், நெஞ்சில் அவருடைய முகம்.

எங்களுக்கு நஸார் நானா வாங்கித் தந்த பழைய சிவப்பு ஜெர்சிதான். கழுவிக் கழுவிக் கொஞ்சம் வெளுத்திருந்தது.

சரியாக ஒன்றரை மணிக்கு மைக்கைப் பிடித்தார் சின்னராசா மாஸ்டர், பிளையிங் ஸ்டார்ஸ் கழகத்தின் தலைவர். குத்துவிளக்கு ஏற்றினார்கள், காற்றில் அணைந்தது. திரும்ப ஏற்றினார்கள். மேடையில் பதினேழு பேர், பதினேழு பேருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவர்களுக்கு, போர்த்தியதற்காக ஆளுக்கொரு பொன்னாடை. பிறகு பேச்சு. "நேரம் கருதி ரெண்டே வார்த்தை" என்று தொடங்கிய ஒருவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். "பெண்கள் இந்த நாட்டின் கண்கள்" என்றார் இன்னொருவர். அந்தக் கண்கள் இருபத்திரண்டும் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

பேச்சு முடிந்தால் முதல் உதை. விருந்தினர் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு முதல் உதையாம், ஒவ்வொன்றுக்கும் போட்டோவாம். சுதாகரன் ஐயா உதைத்த உதையில் சப்பாத்து ஒரு பக்கம் போனது, பந்து பக்கத்துத் தேயிலை மலைக்குள் போனது. அமைப்பாளரின் ஆட்கள் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எங்கள் லோஜினிதான் இறங்கி ரெண்டு நிமிடத்தில் எடுத்து வந்தாள், காலில் ஒரு அட்டையோடு.

மேட்ச் தொடங்கும்போது மணி மூன்றே முக்கால்.

சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் நன்றாக விளையாடினார்கள். எட்டாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் கோல்கீப்பர் சுதர்ஷினி விழுந்து விழுந்து தடுத்ததில் மானம் தப்பியது. இடைவேளை வந்தபோது என் மனசுக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் பள்ளத்தில் இருந்து பனி ஏறியது. முதலில் எதிர்மலை போனது, பிறகு பேனர் போனது, பிறகு மேடை போனது. நடுவர் வலப்பனைக்காரர், நேர்மையான மனுஷன்.

"பத்து அடிக்கு அங்கால ஒண்ணும் தெரியல. நிப்பாட்டிட்டு இன்னொரு நாளைக்கு மொதல்ல இருந்து வைப்போம்," என்றார்.

நின்றால் தோல்வி இல்லை. மைதானம் தப்பிவிடும். வாயை மூடிக்கொண்டு மாரியாத்தாளை வேண்டினேன். ஆனால் சின்னராசா மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெப்படிங்க? வெற்றின்னு அடிச்சாச்சு, தேதியும் போட்டாச்சு. ஐயா முடிவுரை வேற பேசணும். நாங்கதானே முன்னுக்கு இருக்கோம், நடத்துங்க!"

நஸார் நானா என் பக்கம் குனிந்தார். "ஜெயந்தி, மலையில கொழுந்து பறிக்கிறப்ப பனி வந்தா என்ன செய்வீங்க?"

"கூவுவோம் நானா."

"அப்ப கூவுங்க."

எங்கள் மேல்பிரிவில் பாதி நாள் பனிக்குள்தான் வேலை. நிரை தவறாமல் இருக்க ஆளுக்கு ஒரு குரல் உண்டு. லோஜினி 'ஊய்' என்று நீட்டுவாள். சுதர்ஷினி நாக்கைத் தட்டுவாள். பூரணிக்குத் தனிக்குரல் எதுவும் இல்லை. யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பாள், அதுவே அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு யார் எங்கே என்று சொல்லிவிடுவேன்.

அவர்களோ வெள்ளைப் பனிக்குள் வெள்ளை ஜெர்சியில் ஒருத்தியை ஒருத்தி தேடினார்கள். பதினொரு அமைப்பாளர்கள் மைதானத்தில் இருந்தும் ஒருவர் முகமும் தெரியவில்லை. தங்கள் ஆள் என்று நினைத்து நடுவருக்கே ரெண்டு தரம் பந்தைக் கொடுத்தார்கள்.

இடப்பக்கம் 'ஊய்' கேட்டது. அடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர்களுடைய கோல்கீப்பர் அஸீலாவின் குரல்.

"அடியே, பந்து எங்கடி?"

"ஒங்க பின்னால அக்கா," என்றாள் லோஜினி, ரொம்ப மரியாதையாக.

ஒன்றுக்கு ஒன்று. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது வலப்பக்கம் பூரணி தொரையைத் திட்டிக்கொண்டு ஓடுவது கேட்டது. அந்தத் திட்டின் மேலேயே பந்தைப் போட்டேன். திட்டு நின்றது. தொப் என்றது. நடுவர் தடவிக்கொண்டே போய், வலைக்குள் கிடந்த பந்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதினார்.

அஸீலா வந்து கையைக் கொடுத்தாள். "ஒங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல. எங்க மாஸ்டர் கையில மைக்கக் குடுத்தவங்கள ஒதைக்கணும்."

சுதாகரன் ஐயா சும்மா இருப்பாரா? ஸ்டார்ஸ் தலைவிக்கு வைத்திருந்த பொன்னாடையை என் தோளில் போட்டார். "இந்த வெற்றிய நான் காலையிலயே எதிர்பாத்தேன்!" என்று மைக்கில் முழங்கினார், அந்தப் பேனருக்குக் கீழேயே நின்றுகொண்டு. "ஊசிமலைக்கு நவீன விளையாட்டரங்கு! வர்ற ஞாயிறே அடிக்கல்!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மடச்சி.

திங்கட்கிழமை பெரட்டில் தொரை வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, "சரி, கிரவுண்ட வச்சிக்கங்க," என்றார். ஆறு நாள் நாங்கள் நடந்ததே ஒரு மாதிரி. ஏழாம் நாள் மூன்று ஜீப்பில் அடிக்கல் வந்தது. இடுப்பளவு கொங்கிறீட், முன்னால் மாபிள் பலகை, அதில் பதினான்கு பேருடைய பெயர். எங்களில் ஒருத்தி பெயர் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். கல்லை நட்டது எங்கே தெரியுமா? நடு மைதானத்தில், பந்து வைக்கிற இடத்திலேயே.

"ஐயா, நடுவுல வேணாங்க. ஓரமா வைங்க, நாங்க வெளையாடணும்," என்றேன்.

"ஓரத்துல வச்சா போட்டோவுல மல விழாதும்மா."

போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ரெண்டு மாதம் ஒரு மூட்டை சீமெந்துகூட வரவில்லை. தவரணைக்குத் தப்பிய மைதானம் கல்லுக்கு அகப்பட்டுக்கொண்டது. கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகினோம். ஒரு நாள் பனிக்குள் லோஜினி முழு வேகத்தில் வந்து அதில் மோதி முழங்காலை உடைத்துக்கொண்டாள். எங்களுக்கு எல்லாருக்கும் குரல் இருக்கிறது, அந்தச் சனியனுக்கு இல்லையே. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் பனி இறங்கியதும், கல் பெயர்க்கிற அலவாங்கோடு போனோம். ஒரு சாண் ஆழம்கூட நடவில்லை, அவ்வளவுதான் நவீன விளையாட்டரங்கின் அத்திவாரம். கட்டை போட்டு உருட்டி, மைதானத்துக்கு வெளியே பள்ளத்துக் கரையோரமாக நிமிர்த்தி வைத்தோம். போட்டோவுக்கு மலையும் விழும்.

திங்கள் பெரட்டில் தொரை கத்தினார். "கல்ல நகத்துனது யாரு?"

பூரணிதான் அப்பாவி மாதிரிச் சொன்னாள். "மண்ணு சரிஞ்சு தானா நகந்திருக்கும் தொரை."

தொரையின் முகம் வெளுத்துவிட்டது. பதினான்கு பேருடைய பெயர் சரிந்து பள்ளத்தில் விழுந்தால் யார் பதில் சொல்வது? உடனே போன் பறந்தது. ரெண்டே நாளில் ஜீப் வந்தது, அளக்கிற கருவிகளோடு அதிகாரிகள் வந்தார்கள். கல்லைச் சுற்றி வந்து அளந்தார்கள், மைதானத்தையும் சேர்த்து அளந்தார்கள், குறித்தார்கள், சிவப்புப் பலகை ஒன்றை நட்டார்கள். 'மண்சரிவு அபாயம். இவ்விடத்தில் எதுவும் கட்டவோ நடவோ கூடாது.'

ரெண்டு தரம் வாசித்தேன். விளையாடக் கூடாது என்று எழுதவில்லை. தவரணையும் இல்லை, அரங்கும் இல்லை, மைதானம் எங்களுக்கே. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், கீழ ரெண்டாம் நம்பர் லயம். பின்செவுரு வெடிச்சு ஆறு வருஷமாச்சு. மழை பேஞ்சா நாங்க தூங்குறதில்ல. ஏழு கடதாசி போட்டுட்டோம். வந்தது வந்துட்டீங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

அதிகாரிகளில் பெரியவர் நல்ல மனுஷன்தான், இரக்கமாகத்தான் பார்த்தார். "அது வேற பைல் தங்கச்சி. நாங்க வந்தது இந்தக் கல்லுக்கு."

ஜீப் எங்கள் லயத்து வாசலைத் தாண்டித்தான் போனது. வேகம்கூடக் குறையவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"அப்ப அந்தக் கல்லத் தூக்கிட்டுப் போயி நம்ம லயத்துக்குப் பின்னால வச்சிருவோமாக்கா?" என்றாள் பூரணி.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அலவாங்கு எங்கே என்று கேட்டேன்.