'இருவிழி' வரலாறு

கார்த்திகேசு எழுந்து பல் விளக்கினான். கோப்பி கலக்கிக் குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பள்ளிக்கூட விடுமுறை என்பது பொத்தான் போடும்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டையைக் கழற்றாமல் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

'இருவிழி' மாத இதழுக்குப் பத்து வயது. அதன் வரலாற்றை அவன் எழுத வேண்டும். சமயம் ஒரு கண், விஞ்ஞானம் ஒரு கண் என்று 1974-இல் புந்தோங்கில் அச்சகம் வைத்திருந்த பத்துமலை என்பவர் தொடங்கிய இதழ் அது. கிரகணத்தின்போது சாப்பிடலாமா என்று லகாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். "தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பிடாமல் இருப்பது இன்னும் நல்லது" என்று பதில் போட்டார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் நன்றாக விற்றது.

மிக அதிகமாக விற்றது அம்மை இதழ். எழுதியவன் கார்த்திகேசு, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிப்பவன். வேப்பிலை கிருமியைக் கொல்லும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டாதது முன்னோர் கண்ட நோய்த்தடுப்பு. ஆத்தாளும் டாக்டரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று முடித்திருந்தான்.

போன மாசியில் அவன் மனைவி நல்லம்மாளுக்கு அம்மை போட்டது. வாசல் தாண்டாமலே போய்விட்டாள்.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. பத்துமலை உள்ளே வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னடா, ஒரு பக்கம்கூட தாண்டலயா?"

"முடிவுதான் வரல அண்ணே."

"நல்லம்மா 'தாயே'ன்னு கும்பிட்டுட்டுப் போச்சுன்னு ஒன் மாமியார் சொன்னாங்கல்ல. அதப் போடு. ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் ஆத்தா. அமைதியா போச்சுன்னு முடி."

"டாக்டர் வரவே இல்லண்ணே."

பத்துமலை வாசலுக்குத் திரும்பினார். "சரி, டாக்டர விட்ரு. மத்தியானம் வாரேன்."

அவர் போனபின் 'தாயே' என்று எழுதினான். அடித்தான். மறுபடி எழுதினான். மாமியார் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் நல்லம்மாளின் உயிர் பிரிந்தபோது அவள் சமையற்கட்டில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். அறையில் இருந்தவன் அவன் மட்டும்தான். தான் ஆத்தாளை நம்பித்தான் உட்கார்ந்திருந்தோமா, கட்டுரையை நம்பியா? அவனுக்கே விளங்கவில்லை. இரண்டும் ஒன்று என்று எழுதியவனுக்கு, எதை விடுவது என்று யோசிக்கும் வேலையே இருக்கவில்லை.

அதையும் அடித்துவிட்டு, கீழே நடந்ததை நடந்தபடி எழுதினான்.

கடைசி நாள் சாயங்காலம் நல்லம்மாளுக்கு மூச்சு வாங்கியது. டெக்சி பிடிக்கச் சொன்னாள். நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம், அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான்.

"சரிங்க, நாளைக்கே போலாம்" என்றாள்.