தணிகாசலத்துக்கு ஒரு மறைப்பு

செத்தவன் வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். இப்போது எவன் உட்காருகிறான்? ஆளுக்கு ஒரு யோசனை. பந்தலை இப்படிப் போடு, பாடையை அப்படிக் கட்டு, குளிப்பாட்டுகிற பெஞ்சை நடுத்தெருவுக்கு இழு. சுப்பராயன் அந்தப் பெஞ்சைத் திரும்ப வாசலோரம் தள்ளினார். தள்ளிய கையோடு, தம்பியை உள்ளேதான் குளிப்பாட்டுவது என்றார்.

முதலியார்பேட்டை மில் தெருவில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. பெண் பிணம் என்றால் நாலு பேர் புடவையை விரித்து மறைப்புப் பிடிப்பார்கள். ஆணுக்கு என்ன? தெருவில் கிடத்தி, துணியை அவிழ்த்து, பங்காளிகள் எண்ணெய் சீயக்காய் வைத்துக் குடம் குடமாக ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். அந்தப் பட்டாளப் பெயரிலேயே தெருவுக்கு அவர் ‘சொல்தா’. அவர்தான் கேட்டார்.

"ஏன் சுப்பராயா, உன் தம்பி என்ன சமைஞ்ச பொண்ணா, உள்ள வெச்சிக் குளிப்பாட்ட?"

சிலர் சிரித்தார்கள். சாவு வீட்டில் இப்படிச் சிரிப்பது உண்டுதான். சுப்பராயன் போய் வாசற்படியை மறித்து நின்றுகொண்டார்.

தம்பி தணிகாசலம் மில்லில் தறி ஓட்டியவன். சட்டை என்பது அவனுக்குச் சம்பளத்தன்றைக்குப் போடுகிற சாமான். எண்பத்து மூன்றாம் வருஷம் இடுப்பு வலி என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனான். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் புற்று, எலும்புக்கும் போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்றார்கள். அங்கே இராமதாஸ் என்று ஓர் இளம் டாக்டர். முற்றிப்போன இந்தப் புற்றுக்குப் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கப் போகிறவர். சாப்பிடச் சம்மதமா என்று கேட்டார். டாக்டருக்குப் படித்தவன் மறுபடி எதற்கு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான் என்பது சுப்பராயனுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தம்பி சரி என்றுவிட்டான்.

வலி குறைந்தது. அதை அவரும் இல்லை என்று சொல்லமாட்டார். சுவரைப் பிடித்து நடந்தவன் சைக்கிளில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தான். அப்புறம் மார்பு வீங்கியது. புற்றுக்குத் தீனி போடுகிற ஆண் சுரப்பு நீரை மாத்திரை அடக்குகிறது, இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே சொன்னேனே என்றார் டாக்டர். சொன்னாராம். தணிகாசலம் பனியன்மேல் பனியன் போட்டு, அதன்மேல் சட்டை மாட்டினான். சித்திரை வெயிலில்கூடக் கழற்றவில்லை. மருந்து பலிக்காமல் போய், வலி திரும்பி, படுக்கையில் விழுந்த பிறகும் கழற்றவில்லை. போன வாரம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "தெருவுல வெச்சி என்னை அவுத்துடாதண்ணே" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

பங்காளிகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார்கள். அப்போதுதான் இராமதாஸ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாலையோடு பந்தலுக்குள் வந்தார். அந்த ஆளோடு சுப்பராயன் பேசியே மாசக்கணக்கு ஆகிறது.

"டாக்டரு சொல்லியிருக்காரு," என்றார் சுப்பராயன், எல்லாருக்கும் கேட்கும்படி. "நெஞ்சுல புண்ணு. வெளிய வெச்சிக் கழட்டக்கூடாது."

எல்லாத் தலையும் டாக்டர் பக்கம் திரும்பியது. அந்த மனிதனுக்குப் பொய் வராது. பிழைப்பேனா என்று தம்பி கேட்டபோது, பிழைக்கமாட்டீங்க, கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவன்.

"அப்பிடியா டாக்டரே?" என்றார் சொல்தா.

இராமதாஸ் உள்ளே பார்த்தார். தணிகாசலத்தின் மனைவி அஞ்சலாட்சி, புருஷனின் சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா. உள்ளயே பண்ணிடுங்க."

"தொத்துமா?"

"தொத்தாது."

பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. எண்ணெய்க் கிண்ணம் வாசலிலேயே இறங்கியது. ஒருவரும் உள்ளே வரவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு சுப்பராயனும் அஞ்சலாட்சியும் குளிப்பாட்டினார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தார்.

"பாத்துத் தேய்ங்க மாமா," என்றாள். "உங்க தம்பிதான."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே தேய்த்து முடித்தார். வேறு சட்டை போட்டுப் பொத்தான்களை அவள் போட்டாள்.

வெளியே வந்தபோது பாடை தூக்கத் தோள் குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து சொல்தா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

இராமதாஸ் சுப்பராயனை ஓரமாக அழைத்தார். ஆராய்ச்சியை எழுதி முடிக்கப் போவதாகவும், தணிகாசலத்தைப் பற்றியும் அதில் வரும், பேர் வராது என்றும் சொன்னார்.

"இதையும் எழுதுவியா?" சுப்பராயன் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

"எழுதித்தான் ஆகணும் பெரியவரே."

"இப்பதான புண்ணுன்ன."

"அடுத்து இதைச் சாப்புடப் போறவருக்கு என்ன ஆகும்னு தெரியணும். தெரிஞ்சாத்தான வேணும் வேணாம்னு சொல்லுவாரு."

"படிக்கிறவன் சிரிக்கமாட்டான்?"

"மாட்டாங்க."

"நீ கூட இருந்து பாக்கப் போறியா?"

பறை ஆரம்பித்துவிட்டது.

"படிச்சவன் சிரிக்கமாட்டானாம்," என்று முனகிக்கொண்டு சுப்பராயன் திரும்பி நடந்தார். கதவடியில் வழிந்த சீயக்காய்த் தண்ணீர் நுரையோடு தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நின்றவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்து விலகி வழி விட்டார்கள். அவர் அதை மிதித்துக்கொண்டே போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.