நான் காணாமல் போகவில்லை

அண்ணன் காலை ஒன்பது மணிக்கு வந்தார். பன்னிரண்டு மணிக்குள் என் புத்தகத்தின் மெய்ப்புத் தாள்கள் நூற்றிருபதையும் படித்து முடித்துவிட்டு, அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து எழுபது வரை அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதை அடித்தாலும் நேர்கோட்டில்தான் அடிப்பார்.

"இந்த எட்டுப் பக்கம் வேணாம்" என்றார்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. வேறு போட்டுத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும், பால் பொங்குவதற்குள் எனக்கு மனம் இளகிவிடும். அப்பா போனபோது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு இருபது. என்னைப் படிக்க வைத்தது அவர். சுருக்கெழுத்து வகுப்புக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது அவர். மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான்.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். இருபத்தேழு வருடம். சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொல்வதையெல்லாம் எழுதுவேன். என்னுடையதாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, அவருடையதில் ஒன்றை விடவும் கூடாது. சாட்சி பொய் சொல்கிறார் என்று அறையில் இருக்கும் மின்விசிறிக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பொய்யைச் சுத்தமாக எழுத வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. நீதிபதிகள் மாறிப்போகும்போது என்னையும் கூட அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் வங்கியில் கிளை மேலாளர். நல்ல மனிதர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடியில்லை, கை நீட்டியதில்லை, குரலைக்கூட உயர்த்தமாட்டார். எனக்காகப் பேசுவார், அவ்வளவுதான். செருப்புக் கடையில் அளவு கேட்டால் "ஆறு" என்பார். என் கால் ஏழு. முதல் தடவை திருத்தினேன். கடைக்காரர் அவரைப் பார்த்தார், அவர் சிரித்தார், ஆறே வந்தது. எங்களுக்குக் குழந்தையில்லை. அதற்கு என்ன காரணம் என்பதையும் உறவுக்காரர்களிடம் அவரேதான் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று நான் ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், எனக்கு நாற்பத்தெட்டு வயதில், ஒரு வலி வந்தது. ஒன்றரை வருடம் முதுகுக்குத் தைலம் தேய்த்தோம், பட்டை கட்டினோம், கட்டிலை மாற்றிப் பலகை போட்டோம். கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டரிடம் போனோம். எங்கே வலிக்கிறது என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "முதுகுலதான் டாக்டர்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவங்க சொல்லட்டும் சார்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு நான் செய்ததைத்தான் இந்தப் புத்தகத்தின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். எனக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள். அவர் மருந்து வாங்க வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பதினாலு பேர் இருந்தார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே பேருந்து நிலையம். திட்டம் எதுவும் கிடையாது. கிளம்பிக்கொண்டிருந்த வண்டி ஒன்றில் ஜன்னலோரம் இடம் இருந்தது. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார். "கடைசி நிறுத்தம்" என்றேன். என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்டது.

நாற்பத்து மூன்று நாள். பாதிப் புத்தகம் அதுதான். தனியாக வந்த பெண்ணுக்கு அறை தரமாட்டோம் என்று மூன்று விடுதிகளில் சொன்னார்கள். நான்காவது விடுதியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட யார் வருகிறார்கள் என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றேன். அப்படியானால் சத்தம் இருக்காது என்று சாவியைக் கொடுத்தாள். மலையடிவாரத்தில் ஒரு ஊரில் தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து இரண்டு வாரம் மனு எழுதிக் கொடுத்தேன். பழக்க தோஷம், சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன். ஒரு கிழவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன வசவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டு, ரொம்ப நேரம் சிரித்து, அதை மனுவாகக் கொடுக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு கடையில் ஏழாம் அளவுச் செருப்பு வாங்கினேன். புது ஆளின் காலில் நடப்பது போலிருந்தது.

நான்காவது வாரம் வலி என்னை மடக்கிப் போட்டது. பேர் தெரியாத ஓர் ஊரின் சின்ன மருத்துவமனையில், வலது விலாவுக்குக் கீழே என்று நானே தொட்டுக் காட்டினேன். பித்தப்பையில் கல். உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். படிவத்தோடு வந்த நர்ஸ், கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே என்றாள்.

"எனக்கே கை இருக்கே சிஸ்டர்" என்றேன்.

அவள் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் என்னிடம் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் நான் பதில் சொன்னேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் அடித்த எட்டுப் பக்கம் இதெல்லாம் இல்லை. நான் திரும்பி வந்த நாள் பற்றியது. தையல் பிரித்த கையோடு ஊருக்கு வந்து, நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்களாம், முடித்து வைக்க வேண்டுமாம். அங்கே அந்தப் புகாரைப் படித்தேன். அண்ணனின் குண்டு குண்டான கையெழுத்து. 'மேற்படி என் தங்கை சில காலமாக மனநிலை சரியில்லாதவராக இருந்துவந்தார்.' அதற்குக் கீழே என்னை எழுதித் தரச் சொன்னார்கள். வழிதவறிப் போய்விட்டேன், இப்போது வந்துவிட்டேன் என்று எழுதும்மா என்றார் எழுத்தர். நான் எழுதினேன்: 'நான் காணாமல் போகவில்லை. போனேன்.' எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கிருந்து அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை, வீட்டுக்காரரிடமும் போகவில்லை. பெண்கள் விடுதியில் மூன்று மாதம் இருந்துவிட்டு இந்த மாடி வீட்டைப் பிடித்தேன். 'மனநிலை சரியில்லாதவர்' என்ற அந்த வரி எனக்கு முன்னாலேயே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வருடம் என்னை எந்த நீதிபதியின் அறைக்கும் அனுப்பவில்லை. ஆவண அறையில் தூசி தட்ட விட்டார்கள். நானும் தட்டினேன். திரும்ப என் நாற்காலியைக் கேட்டு எட்டு மனு போட்டு வாங்கினேன்.

இப்போது அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"மாப்பிள்ளைய பத்தி என்ன வேணா எழுதிக்கோ. அவர் படிக்கவும் மாட்டாரு. என்னை எழுதாத. என்கிட்ட படிச்ச பசங்க இன்னைக்கும் தெருவுல பாத்தா சைக்கிள்லேருந்து இறங்கி நிக்கிறாங்க."

"நான் எதையும் சேர்க்கலண்ணா. நீங்க எழுதின வரி அது. அப்படியே இருக்கு."

அந்த எட்டுப் பக்கம் இல்லாவிட்டால் மீதிப் புத்தகம் சுற்றுலா போன கதையாகிவிடும் என்றும் சொன்னேன். அது புத்தகமாக வந்தால் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றார். ஏற வேண்டாம், பதினெட்டுப் படி, உங்கள் முழங்காலுக்கும் ஆகாது என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அவர் எனக்காகப் பயந்த காலம் போய், என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பது எனக்கு அந்த நேரத்தில் பிடித்திருந்தது.

கீழ்வீட்டில் யாரோ மிக்சி ஓட்டினார்கள். அது நின்றதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் எழுதினத எழுதின. நான் தேடினத எழுதினியா?"

"தேடினீங்களா?"

"பதினோரு நாள்."

"நீங்க சொல்லலையே."

"நீ கேக்கலையே" என்றார்.

நாலரை வருடமாக எனக்குத் தெரியாது. நான் குறிப்பேட்டை எடுத்தேன். பென்சிலைச் சீவினேன். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நான் உட்கார்ந்த விதத்திலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கணக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வயசு வந்த பொம்பளை, தானாகப் போயிருப்பாள், இதற்கெல்லாம் தேட ஆள் அனுப்ப முடியாது என்று எழுத்தர் புகாரைத் தள்ளிவிட்டாராம். புத்தி சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். அண்ணன் எழுதிக் கொடுத்தாராம். எடுத்துக்கொண்டும் யாரும் தேடவில்லையாம். அதனால் அவரே கிளம்பினாராம், பேருந்து நிலையம் பேருந்து நிலையமாக.

"காட்டறதுக்கு உன் போட்டோ ஒண்ணுகூட இல்ல. தனியா எடுத்ததே இல்ல நீ. எல்லாத்துலயும் அவர் இருந்தாரு. அதான் கத்தரிக்கோலால அவர வெட்டி எடுத்தேன். உன் தோள்ல கிடந்த கைய மட்டும் வெட்ட முடியல. வெட்டினா உன் கழுத்தும் போயிடும். போற இடத்துலயெல்லாம் அந்தக் கை யாருதுன்னுதான் கேட்டாங்க. உன்னைப் பத்தி யாரும் கேக்கல."

என் பென்சில் நிற்கவில்லை. நின்றிருந்தால் நான் அழுதிருப்பேன். இருபத்தேழு வருடத்தில் சாட்சி சொல்லும்போது நான் அழுததில்லை.

அவர் முடித்ததும் நான் கேட்டேன்.

"புத்தி சரியில்லன்னு எழுதினீங்களே. புகார எடுக்கணும்னு எழுதினீங்களா, நம்பி எழுதினீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அடிக்கோலை எடுத்து மேசை விளிம்போடு சேர்த்து வைத்தார். பொய் சொல்ல அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

"அப்ப நம்பினேன்" என்றார். "புத்தி சரியா இருக்கறவ அந்த மாதிரி மனுஷன விட்டுட்டு போவாளான்னு நெனச்சேன். பாத்துக் கட்டிக் கொடுத்தது நான்தானே."

அதையும் எழுதினேன். பிறகு முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். நீதிமன்றத்தில் அது வழக்கம். ஒரு இடத்தில் திருத்தினார்: பதினோரு நாள் இல்லை, பத்தரை நாள், கடைசி நாள் மதியத்தோடு காய்ச்சல் வந்து திரும்பிவிட்டாராம். திருத்தினேன். கடைசிப் பதிலை மட்டும் விட்டுவிடச் சொன்னார். கெஞ்சவில்லை, கேட்டார். எனக்காக எத்தனையோ இடத்தில் எதையெதையோ கேட்டு வாங்கிய குரல் அது.

"அதை விட்டா மத்தது எதுவும் நிக்காதுண்ணா" என்றேன். "நீங்க தேடினது உள்ள வருது. நீங்க எழுதினதும் இருக்கும். ஒரு பக்கம்கூட போகாது."

அவர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். டீயை ஒரே மடக்கில் குடித்தார், ஆடையோடு. பதினெட்டுப் படியையும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் உட்கார்ந்து அவர் சொன்னதை நல்ல எழுத்தில் இரண்டு தாளில் எழுதினேன். எழுபதாம் பக்கத்துக்குப் பிறகு செருகினேன். சிவப்புக் கோடு போட்ட எட்டுப் பக்கங்களின் ஓரத்திலும் 'அடித்தது செல்லாது, அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். தாள்களை உறையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டி இறங்கினேன்.

வெயில் கொளுத்தியது. சாலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், எதிர்ப்பக்க நிறுத்தத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கிப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் ஊருக்குப் போகும் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று. அச்சகத்துக்குப் போகும் வண்டி இந்தப் பக்கம். நான் இந்தப் பக்கமே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த உறையைப் பார்த்தார். நான் அதை மறைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவும் இல்லை, சும்மா கையில் தொங்கவிட்டபடி நின்றேன்.

அவருடைய வண்டி வந்து எங்களுக்கு நடுவில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. புகை விலகியபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார், கைக்குட்டையை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டு, என் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி.